கூட்ட வேண்டிய ஒரு மணி நேரம்

ஜனவரி 8, ஞாயிறு

போன மாதம் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்ததற்கு இன்று அறையிலிருந்த அத்தனை பேரும் எனக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னார்கள். எங்கள் வழக்கம் அப்படி. ஒருத்தி பெற்றால் சுற்றியிருக்கும் எல்லோருக்கும் வாழ்த்து. மாமியார் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். "மார்லூஸ், அத்தையாயிட்ட! வாழ்த்துகள்!" நானும் எழுந்து வட்டம் சுற்றி வந்து, "பாட்டியாயிட்டீங்க, வாழ்த்துகள்", "மாமாவாயிட்டீங்க, வாழ்த்துகள்" என்று குலுக்கினேன். கடைசியில் என் புருஷன் கிரைன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் கைகொடுத்தேன். அவன் கையை விடவில்லை.

ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, மேலே சர்க்கரை பூசிய சோம்பு. இளஞ்சிவப்பும் வெள்ளையும், பெண் குழந்தை என்பதால். பெயர் ஃபென்னா. தூக்கி வைத்துக்கொண்டேன். தலையில் பால் வாடை. நான் நன்றாகத்தான் நடந்துகொண்டேன், அழவில்லை.

பிறகு கழிப்பறைக்குப் போனேன். பிறந்தநாள் நாள்காட்டி எல்லா வீட்டிலும் கழிப்பறைச் சுவரில்தான் தொங்கும். தினமும் உட்காருகிற இடம், யாரையும் மறக்க முடியாது. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது அங்கேயே தொங்கியது. இன்று ஆணி மட்டும் இருந்தது. புதுப் பெயரை எழுதிவிட்டு, நான் பார்த்து நோகக் கூடாதென்று மாமியார் எங்கோ ஒளித்துவைத்திருக்கிறார். நாள்காட்டி இருந்திருந்தால் ஒரு பெயரைப் பார்த்திருப்பேன், அவ்வளவுதான். இப்போது அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 19, வியாழன்

மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்புக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். மார்ச் மாதம். மூன்றாவது முறை. காப்பீடு தருவது மூன்று முறைதான், மூன்றோடு நாங்களும் நிறுத்திக்கொள்வது என்று முன்பே பேசி முடித்தாயிற்று. எனக்கு முப்பத்தொன்பது.

முதல் முறை தோற்றபோது ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளுக்குப் போய், மூழ்கிக் கிடக்கும் போர்க்கப்பல்களைச் சுற்றி முங்கினோம். இரண்டாவது தோற்றபோது அசோர்ஸ் தீவுகளில் திருக்கைகளோடு. குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்த காந்தப் படங்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள்: "உங்களுக்கென்ன, நினைச்சா கிளம்பிடறீங்க. நான் மூணு பிள்ளைங்களையும் கட்டிக்கிட்டு எங்க போறது?" காந்தப் படம் ஒன்றைப் பிய்த்து அவள் நெற்றியில் ஒட்டலாமா என்றிருந்தது.

பிப்ரவரி 4, சனி

கரைமேட்டில் காற்று தோலை உரித்தது. தண்ணீர் ஐந்து டிகிரி. இறங்கினோம். மார்ச் வந்துவிட்டால் எனக்குத் தண்ணீர் கிடையாது. கரு வயிற்றில் இருக்கும்போது முங்கக் கூடாது, நீரின் அழுத்தம் ஆகாது. எங்கள் முங்குக் குழுவில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால் என் வயிற்றைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. முங்குவதற்கான ரப்பர் உடையை, முங்குடையை, நான் மாட்டினேனா இல்லையா என்று பார்த்தாலே போதும், ஊருக்கே சேதி போய்விடும்.

எங்கள் கடல்வாயில் நினைத்த நேரத்தில் இறங்க முடியாது. ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் ஓட்டம் ஆளையே அள்ளிக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம் நீர் நிற்கும். அதைக் கணக்குப் போட்டுச் சொல்வது கிரைன். அவனுக்கு வேலையே மதகுகளைப் பராமரிப்பது, எண்களோடு பேசுகிறவன். பதினெட்டு வருஷமாக அவன் சொன்ன நிமிடத்தில் நான் இறங்கியிருக்கிறேன். ஒரு தடவை கூடத் தப்பவில்லை.

சூப் குடிக்கும்போது ஆட்ரி, எங்கள் குழுவின் மூத்தவர், போன கோடையில் உட்ரெக்ட்டிலிருந்து வந்த ஒருவனின் கதையை மறுபடி எடுத்தார். ஓத அட்டவணை குளிர்கால நேரத்தில்தான் அச்சாகும். மார்ச் கடைசி ஞாயிறு, கோடைக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிய பிறகு அதில் ஒரு மணி நேரம் கூட்டிப் படிக்க வேண்டும். அவன் கூட்டவில்லை. ஓட்டம் அவனைப் பாலம் வரை அடித்துக்கொண்டு போக, படகு வைத்துத் தூக்கினார்கள்.

"கிரைன் அவனைப் பார்த்துக் கேட்டான் பாரு ஒரு கேள்வி," என்றார் ஆட்ரி. "'தம்பி, ஒண்ணுங்கிற எண்ணை உங்க ஊர்ல சொல்லித் தரலையா'ன்னு."

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

மார்ச் 14, செவ்வாய்

கருமுட்டை வளர ஊசி போடும் நாட்கள். கிரைன்தான் போடுகிறான். தண்ணீரில் இறங்குமுன் ஒருவர் கருவியை மற்றவர் சரிபார்ப்போமே, அதே குரலில் கேட்கிறான்.

"ஊசி?"

"இருக்கு."

"மருந்து?"

"இருக்கு."

"வயிறு?"

"எங்க போகும், இங்கதான் கிடக்கு."

அவன் கை நடுங்குகிறது. எனக்கு வலிக்கவில்லை என்று தினமும் சொல்கிறேன். வலிக்கிறது.

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று ஒரு சின்னப் பெண்ணுக்கு முதல் கண்ணாடி மாட்டிவிட்டேன். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தது. "அம்மா, உனக்கு மூக்குல புள்ளிப் புள்ளியா இருக்கே!" என்றது. அம்மா சிரித்தாள். நான் பின்னால் லென்ஸ் அறைக்குப் போய் இயந்திரத்தை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். மருந்துதான் காரணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 24, வெள்ளி

ஒன்பது முட்டை தெரிகிறது என்றார்கள்! போன முறை ஆறு. திங்கள் காலை பத்து மணிக்கு எடுப்பார்கள். அதற்கு முன் கடைசி ஊசி ஒன்று, முட்டைகளை விடுவிக்கிற ஊசி. நாளை சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, நிமிடம் பிசகாமல். தாளில் தடித்த எழுத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 26, ஞாயிறு

கிரைன் வெளியே மிதிவண்டிகளைக் கழுவுகிறான். நான் அடுக்களை மேசையில் இருக்கிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

நேற்று இரவு சாப்பிட்ட பிறகு அவன் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒன்பதுன்னு போட்டிருக்காங்க. இன்னிக்கு ராத்திரி கடிகாரம் மாறுதே, அதைக் கூட்டலை போலிருக்கே."

"போன் பண்ணிக் கேட்டுடலாமா?"

"இதுக்குப் போய் எதுக்கு? நடுவுல முப்பத்தாறு மணி நேரம் இருக்கணும், அவ்வளவுதானே. திங்கள் காலை பத்துலேர்ந்து பின்னால எண்ணு. சனி ராத்திரி பத்து வருதா? ஒன்பதோட ஒண்ணைக் கூட்டினாலும் பத்து. ரெண்டு வழியிலயும் சரியா வருது பாரு."

நான் விரல்விட்டு எண்ணினேன். பத்துதான் வந்தது. வராமல் எங்கே போகும்? பத்து மணிக்குப் போட்டுக்கொண்டேன். கை நடுங்காமல் போட்டான், நேற்றுதான் முதல் முறை. கணக்கு தந்த தைரியம்.

இன்று காலை அடுப்பிலிருக்கும் கடிகாரத்தை மாற்றப் போனேன். பொத்தானை அமுக்கி ஒரு மணி நேரம் முன்னே தள்ளும்போது கை அப்படியே நின்றுவிட்டது. ராத்திரி இரண்டு மணி மூன்றாகிறது. நேற்று ராத்திரிக்கு ஒரு மணி நேரம் குறைவு. இல்லாத அந்த ஒரு மணியையும் சேர்த்தல்லவா விரல்விட்டோம்! மருத்துவமனைக்காரர்கள் அதைக் கழித்துத்தான் ஒன்பது என்று போட்டிருக்கிறார்கள். சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள், எங்களுடையது முப்பத்தைந்து மணி நேரம்தான். மார்ச் கடைசி ஞாயிறென்றால் ஒன்றைக் கூட்டு, கூட்டு, கூட்டு என்று பதினெட்டு வருஷமாக ஊறிப்போன மூளை இரண்டு பேருக்கும்.

கழிப்பறையில் பூட்டிக்கொண்டு அவசர எண்ணுக்குப் பேசினேன். செவிலி தூக்கக் குரலில் சொன்னாள்: "ஒரு மணி நேரம்தானே. பயப்படாதீங்க. பொதுவா ஒண்ணும் ஆகாது." நாளைக்கு ஒரு மணி நேரம் தள்ளி எடுக்க முடியுமா என்று கேட்டேன். நாளை முழுக்க வரிசையாக ஆட்கள், முடியாது.

பொதுவா!

யானைக்கும் அடி சறுக்கும், சரி. ஏன் நேத்து? இத்தனை வருஷத்துல வேற நாளே கிடைக்கலையா அதுக்கு?

அவனிடம் சொல்ல வேண்டுமா? நாங்கள் எதையும் மறைத்ததில்லை. 'உன் அம்மா செய்யும் பட்டாணி சூப் வாயில் வைக்க விளங்கவில்லை' என்பது வரை முகத்துக்கு நேரே சொல்கிறவள் நான். இதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்றால் சொல்லத் தேவையே இல்லை. ஆகிவிட்டால்... அப்போதும் சொல்லக் கூடாது.

மார்ச் 27, திங்கள்

மூன்று.

ஒன்பது இடத்தில் துழாவி மூன்று. ஏன் என்று கேட்டேன். "சில சமயம் இப்படித்தான், காரணம் சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். நல்ல மனுஷி. என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். கிரைன் தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்குக் குடிக்கத் தரவே மறந்துவிட்டான்.

மார்ச் 28, செவ்வாய்

தொலைபேசி வந்தது. மூன்றில் ஒன்று கருவாகியிருக்கிறது. ஒன்றே ஒன்று.

மார்ச் 30, வியாழன்

உள்ளே வைத்துவிட்டார்கள். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி. முடிந்ததும் மருத்துவர் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மற்றவர்களுக்கு அது நல்ல சைகை. எங்களுக்கு, நீருக்குள், 'போதும், மேலே போய்விடலாம்' என்று அர்த்தம். கிரைன் சட்டென்று என் முகத்துக்கு நேரே கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்து வட்டம் காட்டினான்: சரியா? நானும் வட்டம் காட்டினேன்: சரி.

"என்ன, ரகசிய பாஷையா?" என்றார் மருத்துவர்.

ஏப்ரல் 2, ஞாயிறு

கணவாய் மீன்களுக்குப் பிரசவ விடுதி கட்டும் நாள். வருஷா வருஷம் வசந்தத்தில் தெற்கேயிருந்து கணவாய்கள் எங்கள் கடல்வாய்க்கு முட்டையிட வரும். அடியில் பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. அதனால் குழுவினர் வில்லோ மரக் கிளைகளை இரும்புச் சட்டத்தில் கட்டி இறக்கிவைப்போம். குச்சிகளில் கறுப்புத் திராட்சை போல முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகும். போய்ச் சாகும், பாவம்.

நான் முங்குடை மாட்டவில்லை. மேலே உட்கார்ந்து கிளைகளைக் கட்டிக் கொடுத்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என் நாற்காலிக்கடியில் யாரோ கம்பளி விரித்திருந்தார்கள். குளிர்ந்த கிளைகளைத் தொடவிடாமல் ஆட்ரி தம் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தார்.

"ஏம்மா, குனியாதே. இத்தனை பேர் சும்மாதானே நிக்கிறோம்?"

கிரைன் இறங்கினான். நான் அவன் விடும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே இருப்பவளுக்கு வேறு என்ன வேலை? குமிழி வருகிறதா, வருகிறது. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. கை கொடுக்கவும் முடியாது. என் வயிற்றுக்குள்ளும் அதே கதைதான், அங்கே குமிழிகூட வராது.

ஏப்ரல் 8, சனி

சந்தைக்குப் போகும்போது கவனித்தேன். வண்டிக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. இன்னும் குளிர்கால நேரம்.

நேரம் மாறும் ஞாயிறன்று பல் தேய்ப்பதற்கு முன் அதைத்தான் மாற்றுவான் கிரைன். நான் கேலி செய்வது வழக்கம். இரண்டு வாரமாக மாற்றவில்லை. நான் கையை நீட்டினேன். நீட்டிய கையை எடுத்துக் கதவுக் கண்ணாடியை ஏற்றினேன். அவன் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினான்.

தெரிந்திருக்கிறதா இவனுக்கு?

ஏப்ரல் 11, செவ்வாய்

இன்று ரத்தம். கடையில், காலையில், ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடிச் சட்டம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது.

ஏப்ரல் 15, சனி

மாமியார் ஆப்பிள் கேக்கோடு வந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நீங்க ஒருத்தருக்கொருத்தர் இருக்கீங்க. உடம்பு நல்லா இருக்கு. ஊர் ஊரா சுத்தறீங்க. அதுவும் ஒரு வாழ்க்கைதானேம்மா."

"அம்மா, போதும்! அந்த ஊரெல்லாம் நாங்க ஆசைப்பட்டா போனோம்? தூளி கட்ட முடியாம போனோம்! ஒவ்வொரு தடவையும் அழுதுக்கிட்டேதான் பெட்டி கட்டினேன், தெரியுமா உங்களுக்கு?"

கேக் வெட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினேன். கிரைன் கத்தியை மெதுவாக வாங்கி வைத்தான். மாமியார் கோட்டை மாட்டிக்கொண்டு, பொத்தான் போடத் தெரியாமல் வாசலில் நின்றார். நான் போய்ப் போட்டுவிட்டேன். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்ச வேண்டுமென்று அவர் வரவில்லை. அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன?

ஏப்ரல் 23, ஞாயிறு

ஒன்றுமில்லை. மழை.

மே 14, ஞாயிறு

அன்னையர் தினம். வீட்டில் இருக்க முடியாது, தெருவெல்லாம் பூங்கொத்து. கணவாய்கள் வந்துவிட்டன என்று ஆட்ரி செய்தி அனுப்பியிருந்தார். போனோம்.

முங்குடையை எடுத்து மாட்டினேன். கழுத்துப் பட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்தபோது கரைமேட்டில் பேச்சு நின்றிருந்தது. வாய் ஓயாத கூட்டம்! ஆட்ரி தம் காலணியையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் கையுறை கொடுத்த மனிதர், இன்று எனக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. ஏதாவது கேலி செய்யுங்களேன் என்று கெஞ்சலாம் போலிருந்தது.

அப்போதுதான் கிரைன் கேட்டான்: "ஆட்ரி, நீர் எப்ப நிக்குது?"

ஆட்ரி அவனை வினோதமாகப் பார்த்தார். "என்னையா கேக்கற? பதினொண்ணேகால்."

"ஒரு மணி நேரம் கூட்டியாச்சா?"

"கூட்டியாச்சுப்பா."

கிரைன் தலையாட்டினான். அட்டவணை அவன் பையிலேயே இருந்தது, நான் பார்த்தேன்.

கீழே எங்கள் கிளைகள் முழுக்கக் கறுப்பு முட்டைகள். ஒரு பெண் கணவாய் கைகளை நீட்டி நிதானமாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது, உண்மையைச் சொன்னால். திரும்பினால் கிரைனின் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர். ஊதி வெளியேற்றினான். மறுபடி நிறைந்தது. நான் வட்டம் காட்டினேன்: சரியா? அவன் பதில் காட்டவில்லை. கட்டைவிரலை உயர்த்தினான். யார் அதைக் காட்டினாலும் ஏன் என்று கேட்காமல் மேலே வர வேண்டும், அதுதான் விதி. வந்தோம்.

வண்டியில் ஏறியும் அவன் சாவியைத் திருகவில்லை.

"கடிகாரத்தை ஏன் மாத்தலை?" என்று கேட்டேன்.

"கை போகலை."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"அன்னிக்குக் காலையிலயே. மாத்தலாம்னு இங்க வந்து உக்காந்தேன். பொத்தானை அமுக்கப் போறப்பதான் உறைச்சுது. உனக்கு?"

"அடுப்புக் கடிகாரத்துல."

ஒரே காலை. அவன் வாசலில், நான் அடுக்களையில்.

"ஒண்ணும் ஆகாதுன்னாங்க," என்றேன். "நான் போன் பண்ணிக் கேட்டேன். பொதுவா ஒண்ணும் ஆகாதாம்."

"பொதுவா," என்றான். பிறகு: "திட்டிடு மார்லூஸ். மனசுல வச்சுக்காதே, திட்டிடு."

இந்த ஐந்து வருஷமாக, திட்ட ஓர் ஆள் கிடைக்காதா என்று தேடினேன். மருத்துவர், கடவுள், பக்கத்து வீட்டுக்காரி. கிடைத்த ஆள் இவனா! இவனைப் போய் எப்படித் திட்டுவது? மூக்கு ஒழுக உட்கார்ந்திருக்கிறான். அந்த ஒரு மணி நேரத்தால்தான் போயிற்றா, அது இல்லாமலும் போயிருக்குமா, யாராலும் சொல்ல முடியாது. அதுதான் தாங்கவில்லை.

அவன் கடிகாரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனான்.

"விடு," என்றேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஜூன் 3, சனி

பேசிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். பேசினோம். ஆகவில்லை. இப்போது கிரைன் எதையும் தானாக முடிவு செய்வதில்லை. முட்டை வேகவைத்தால்கூட "வெந்திருக்குமா?" என்று என்னைக் கேட்கிறான். ரயில் நேரத்தை மூன்று தரம் பார்க்கிறான். எனக்கு எரிகிறது. பிறகு, எரிந்ததற்காக வருத்தமாக இருக்கிறது.

ஜூலை 19, புதன். நார்வே

மூன்றாவது தோல்விக்கு மூன்றாவது பயணம். வண்டியிலேயே வடக்கே, போடோ ஊர் வரை. இங்கே சால்ட்ஸ்ட்ரௌமென் நீரிணையில் ஓதம் ஆறு மாதிரி அல்ல, அருவி மாதிரி ஓடுகிறது. பாலத்தின் மேலிருந்து பார்த்தால் நீர்ச்சுழிகள் வாயைப் பிளக்கின்றன. நாளில் சில நிமிடம் மட்டும் நிற்கும், அப்போது இறங்கிவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். நாங்கள் தங்கியிருக்கும் முங்கு நிலையத்தில் அன்றன்றைய நேரத்தைப் பலகையில் எழுதிவைக்கிறார்கள்.

காலையில் கிரைன் பலகையைப் பார்க்கக் கிளம்பினான். என்ன தோன்றியதோ, குறுக்கே போய் நின்றேன்.

"பாக்காதே. நீ கணக்குப் போடு."

"எதுக்கு? அவங்கதான் எழுதியிருக்காங்களே."

"நீ போடுன்னா போடு."

"மார்லூஸ், இது நம்ம ஊர் தண்ணி இல்ல. தப்பாயிடுச்சுன்னா?"

"முட்டை வெந்துச்சான்னு என்னைக் கேக்கற. கதவைப் பூட்டினோமான்னு கேக்கற. எனக்குக் குழந்தை போச்சு, கிரைன். கூடவே நீயும் போகணுமா? என் புருஷன் நேரம் சொல்வான், நான் இறங்குவேன். பதினெட்டு வருஷமா எனக்குத் தெரிஞ்ச ஒரே தைரியம் அதுதான். அதையாவது திருப்பிக் குடுடா!"

முற்றத்தில் நின்று கத்தினேன். சுவீடன்காரர்கள் இருவர் காபிக் கோப்பையோடு உள்ளே போய்விட்டார்கள்.

வண்டியின் படியில் உட்கார்ந்து போட்டான். அழித்து மறுபடி போட்டான். நெற்றியெல்லாம் வியர்வை, அந்தக் குளிரில். "ஒண்ணரை," என்றான். "கூட்டியாச்சு. ஒரு தடவைதான் கூட்டியிருக்கேன்."

பலகையைப் பார்க்காமல் போனேன். பயமாக இருந்ததா? இருந்தது. ஒன்றரைக்கு விளிம்பில் நின்றோம். சுழிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. இறங்கினேன். நீர் நின்றிருந்தது. பாறையிடுக்கிலிருந்து ஓர் ஓநாய் மீன் கிழட்டு முகத்தோடு எங்களை முறைத்தது. கிரைன் வட்டம் காட்டினான். நானும் காட்டினேன்.

திரும்பி வந்த பிறகுதான் பலகையைப் பார்த்தோம். 13.30. அவன் அதன்முன் நெடுநேரம் நின்றான். நான் சாப்பாடு வாங்கப் போனேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

மாமியாரின் பிறந்தநாள். மறுபடி நாற்காலி வட்டம். "மாமியாருக்குப் பிறந்தநாளாமே, வாழ்த்துகள்!" ஃபென்னா தவழ்கிறாள், யார் காலணி கிடைத்தாலும் நக்குகிறாள்.

கழிப்பறையில் அதே ஆணி. நான் வரும் ஒவ்வொரு முறையும் இந்தக் கிழவி கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி... வெளியே வந்து வட்டத்தின் நடுவே நின்றேன்.

"அம்மா, அந்த நாள்காட்டியை எடுத்து மாட்டுங்க. ஒன்பது மாசமா யார் பிறந்தநாளும் ஞாபகம் இல்லாம எல்லார்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிறேன்."

மாமியார் எழுந்து போய், படுக்கைவிரிப்புகளின் அடியிலிருந்து அதை எடுத்துவந்தார். நானே வாங்கிப் போய் மாட்டினேன். டிசம்பரில் இளஞ்சிவப்பு மையில் ஃபென்னா. அதற்குக் கீழே வெற்றிடம். மார்ச்சில் வைத்தது தங்கியிருந்தால் அங்கே ஒரு பெயர் வந்திருக்கும், டிசம்பரில்தான். பார்த்தேன். கைகழுவிவிட்டு வந்தேன்.

கேக் கொடுக்கும்போது மாமியார் எனக்கு இரண்டு துண்டு வைத்தார்.

அக்டோபர் 29, ஞாயிறு

ராத்திரி கடிகாரத்தைப் பின்னே தள்ளினார்கள். எல்லோருக்கும் ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். நாங்கள் தூங்கவில்லை. விழித்துக் கிடந்தோம், கிரைன் என் கையைப் பிடித்திருந்தான். எதற்கும் பயன்படாத ஒரு மணி நேரம். மார்ச்சில் எடுத்ததை இப்போது கொண்டுவந்து தருகிறார்கள்.

மதியம் கரைமேட்டுக்குப் போனோம். இன்றிலிருந்து மார்ச் வரை அட்டவணையில் எதையும் கூட்ட வேண்டாம். கிரைன் பார்த்து நேரத்தைச் சொன்னான். யாரையும் கேட்கவில்லை. நான் முங்குடைக்குள் புக முடியாமல் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா மார்லூஸ்," என்று ஆட்ரி கத்தினார், "நார்வேல சாப்பிட்டதெல்லாம் இடுப்புல ஏறிடுச்சா? ரெண்டு பேர் வந்து தள்ளி விடணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். "உங்க தொந்தி முதல்ல உள்ள போகட்டும், அப்புறம் பேசுங்க," என்றேன். மே மாதத்திலிருந்து என்னை யாரும் கேலி செய்யவில்லை. கண் கலங்கிவிட்டது. முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

கீழே கிளைகள் வெறுமையாக இருந்தன. முட்டைகள் எல்லாம் எப்போதோ பொரிந்து போய்விட்டன.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வண்டிக்குள் ஏறிக் கையைத் தேய்த்தேன். கடிகாரம் நாலு இருபது காட்டியது. கிரைனின் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு இருபது.

"சரியாயிடுச்சு," என்றேன்.

அவன் பார்த்தான். "நாம ஒண்ணும் பண்ணலையே," என்றான்.

"ஆமா. ஒண்ணும் பண்ணலை."

பிறகு அவன் சாவியைத் திருகினான், வீட்டுக்கு வந்தோம்.